ஆபா ஒதுக்கி வெச்ச இடம்

எனக்குக் கோவம் ஜாஸ்தி. அதுலயும் ஒரு சொல்லு காதுல விழுந்தா சுர்ருன்னு ஏறிடும். ஒதுக்கி வெக்கிறது. குடியாத்தத்துல லுங்கித் தறி ஓட்டற வீடு எங்களது. வேற சாதியில ஒருத்தரைப் பிடிச்சுப்போய்க் கட்டிக்கிட்டு ஆம்பூர் வந்தேன். அன்னிலேர்ந்து எங்க ஆளுங்க என்னைப் பத்திச் சொல்றது, “அதை ஒதுக்கி வெச்சாச்சு” தான்.

அதுக்கு முன்னாடி அந்தச் சொல்லு மேல எனக்கு ஒரு பகையும் கெடையாது. சாப்ட்ட தட்டை ஒதுக்கி வைன்னு அம்மா சொல்லும். வெத்தலையைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டுத்தான் அப்பா தறியில உட்காருவாரு. மாசா மாசம் என்னைத் தனியா ஒதுக்கி உட்கார வெப்பாங்க. நூல் சுத்தற வேலை இல்லாம செல்போனை நோண்டிக்கிட்டுக் கெடக்கலாம், ஜாலிதான். தம்பிக்குக் காலேஜ் சீட்டு கெடைச்சதும் இட ஒதுக்கீட்டுலதான். தெருவுக்கே ஸ்வீட்டு குடுத்தோம்.

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில சேர்ந்தேன். தோல் துண்டு ஓரத்துல சொல்யூஷன் தடவி ஒட்டற வேலை. சொல்யூஷன்னா வேற ஒண்ணுமில்ல, பசைதான். ஆனா அது எனக்கு ஒத்துக்கல. வெரல் இடுக்கெல்லாம் வெடிச்சு, சோறு பிசைஞ்சா உயிர் போவும். கையுறைக்குள்ள மறைச்சே ஓட்டிக்கிட்டிருந்தேன். ஏன்னா வீட்டுக்காரர் வேலை பார்த்த தோல் பதனிடற டேனரி அப்போ மூடிக் கெடந்தது. என் சம்பளத்துலதான் அடுப்பு எரிஞ்சது. இதுவும் போச்சுன்னா போய் நிக்க அம்மா வீடும் இல்ல.

அந்த நேரம் பார்த்து கம்பெனிக்கு ஆர்டர் கம்மியாச்சு. லைன்ல கொஞ்சம் பேரை நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு. எங்க லைன் சூப்பர்வைசரை நாங்கள்லாம் ஆபான்னுதான் கூப்புடுவோம், உருதுல அக்கான்னு அர்த்தம். ஒரு நாள் காலையில ஆபா வந்து என் கையுறையை உருவிப் பார்த்துச்சு. திருப்பி மாட்டிவிட்டுட்டுப் போய்டுச்சு. மத்தியானம் மேனேஜர்கிட்ட அது சொன்னது மட்டும் அத்தனை மிஷின் சத்தத்துலயும் எனக்குக் கேட்டுது.

“அந்தப் பொண்ண ஒதுக்கி வெச்சிட்டேன் சார்.”

எங்க லைன்ல கீறல் விழுந்த தோலு, கோணல் தையலு, எல்லாத்தையும் அப்படித்தான் ஒதுக்கி வெப்போம். அது திரும்பி லைனுக்கு வராது.  எனக்குச் சுர்ருன்னு கோவம் ஏறிச்சு. அட, இங்கயுமா? ஏப்ரனைக் கழட்டி மேசையில வீசிட்டு, டிபன் பையை எடுத்துக்கிட்டு, சாப்பாட்டு நேரத்துக் கூட்டத்தோட கூட்டமா கேட்டைத் தாண்டிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கமா நடந்தேன், பாதி வழியில மழை. ஒரு டீக்கடையில ஒதுங்கி நின்னு, யார் பார்த்தா எனக்கென்னன்னு அழுதேன். வீட்டுக்குப் போய் அவர்கிட்ட இன்னான்னு சொல்றது?

கொஞ்ச நேரத்துல ஒரு ஆட்டோ வந்து நின்னுது. நனைஞ்ச புர்காவோட ஆபா எறங்குச்சு.

“இன்னா புள்ள, சொல்லாம கொள்ளாம வந்துட்டே? மூளை கீளை கெட்டுப்போச்சா?”

“நீங்கதான ஒதுக்கி வெச்சிட்டேன்னு சொன்னீங்க? அப்புறம் இன்னாத்துக்குத் தேடி வர்றீங்க?”

 ஆபா தலையில அடிச்சிக்கிச்சு. “அய்யோ, பேஜார் புடிச்சவளே! பக்ரீத்துக்குக் கறி பங்கு போடறப்போ வேண்டியவங்களுக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கி வெப்போம். அதைக் குப்பையிலயா போடறோம்? வேற யாரும் கை வெக்காம பத்திரமா எடுத்து வெக்கிறதுடி அது! யாரை நிறுத்தலாம்னு மேனேஜர் வந்து நின்னாரு. இவளை செக்கிங் மேசைக்கு ஒதுக்கி வெச்சிட்டேன், இவ மேல கை வெக்காதீங்கன்னு சொன்னேன். அங்க சொல்யூஷன் நாத்தமே கெடையாது. நீ இன்னாடான்னா இங்க நின்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டிருக்கே.”

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் நிக்கல. ஆபா கையைக் கெட்டியா புடிச்சிக்கிட்டேன். அதே ஆட்டோவுல திரும்பிப் போனோம். மேனேஜர் கேட்டதுக்கு, “வயித்து வலி சார், மாத்திரை வாங்கப் போச்சு”ன்னு ஆபா கூசாம சொல்லுச்சு.

செக்கிங் மேசையில ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தச்ச ஷூவுல குறை இருக்கான்னு பார்க்கிற வேலை. கை ஆறிப்போச்சு. ஒரு நாள் பக்கத்துல உட்கார்றவ மெதுவா சொன்னா, “இந்த எடம் ஆபா தனக்குன்னு கேட்டு வாங்கினது, தெரியுமா? முட்டி தேஞ்சிடுச்சு, இனிமே நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அதுக்கப்புறம் ஸ்டூல்ல உட்கார முடியல. நேரா ஆபாகிட்ட போனேன். சொவத்துல ஒரு கையை ஊனிக்கிட்டு லைனைப் பார்த்துக்கிட்டு நின்னுது. “வந்து உட்காருங்க ஆபா. நான் சொல்யூஷனுக்கே போய்க்கிறேன்”னேன்.

“போடி. ஒதுக்கி வெச்ச பங்கைத் திருப்பி வாங்கற பழக்கம் எங்க வீட்ல இல்ல.”