யசோதா தொட்டுக் காட்டிய ஆள்

கண்டி மாநகரசபையில் எழுதுவினைஞராக இருந்த யசோதாவை அலுவலகத்தில் எல்லோரும் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். மேலதிகாரி குரலை உயர்த்தினாலே அவளுக்குக் கண் கலங்கிவிடும். அப்படிப்பட்டவளைத்தான் ஒரு மாகாணசபைத் தேர்தலில், ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றுக்குத் தேர்தல் வேலைக்குப் போட்டார்கள்.

வாக்களிப்புத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் துப்பாக்கிகளோடு ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. வரிசையில் நின்றவர்களை விரட்டிவிட்டு, வாக்குச்சீட்டுகளைப் பறித்துப் புள்ளடி போட்டுப் பெட்டிக்குள் திணித்தார்கள். கொழுந்து பறிக்கும் வேலாயி மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

"என் ஓட்ட நான்தான் போடுவேன்."

கும்பலின் தலைவன் துப்பாக்கிக் கட்டையால் அவள் வலது தோளில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் யசோதாவுக்குக் கேட்டது.

அங்கே நடந்த வாக்களிப்பு ரத்தானது. அடித்த தலைவனும் பிடிபட்டான். ஆனால் கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் முகத்தைக் கவனிக்கவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பார்த்தேன் என்று பொலிஸில் சொன்னவள் யசோதா ஒருத்திதான்.

அடுத்த வாரமே, அவள் கணவர் முத்துலிங்கத்தின் பலசரக்குக் கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்து நின்றான். "முதலாளி, ஒங்க வீட்டு அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியாதாமே. அப்படியே இருக்கட்டும்."

முத்துலிங்கம் வெலவெலத்துப் போய் வீட்டுக்கு வந்தார். "யசோ, நமக்கு எதுக்கு இந்த வம்பு? தெரியலன்னு சொல்லிட்டு வந்துரு."

"நான் தெரியலன்னு சொன்னா, அந்தம்மா அடிபட்டதே பொய்யின்னு ஆயிருங்க."

அடையாள அணிவகுப்பு நாளன்று முத்துலிங்கம் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு நீதிமன்றத்துக்குக் கிளம்பினார்.

ஒரே வயது, ஒரே உயரத்தில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். வேலாயியை அடித்தவன் யசோதாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் நேரே போய் அவன் தோளில் கை வைத்தாள்.

"இவர்தான்."

நீதவானுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இந்தத் தடவை அறை முழுக்கக் கேட்டது.

வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. யசோதா ஒரு தவணையையும் தவறவிடவில்லை. கடைசியில் அவனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்த அன்று முத்துலிங்கம் நீதிமன்ற வாசலிலேயே குந்தி அழுதார். அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டதாக யசோதா சொல்வாள்.

பின்னர் கண்டியில் சில சட்டத்தரணிகள் சேர்ந்து அவளுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். வேலாயியையும் கூப்பிட்டால்தான் வருவேன் என்றாள். இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டம் முடிந்து பஸ் நிலையத்தில் முத்துலிங்கத்தோடு இருவரும் தேநீர் குடிக்கும்போது, இத்தனை நாளும் கேட்காமல் விட்டதை யசோதா கேட்டாள்.

"திரும்ப ஓட்டு வச்சப்ப போய்ப் போட்டீங்களா?"

"போடாம? கட்டோட போயி எடது கையால போட்டேன்." வேலாயி பெருமூச்சு விட்டாள். "ஆனா நான் போட்ட ஆளு தோத்துட்டாரும்மா."

யசோதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முத்துலிங்கத்துக்குத் தேநீர் புரையேறியது.