ஜமீலா சொல்லாத வரி

ஜமீலா சொல்லாத ஒரு வரியை அவர் சொன்னதாக எழுதியவன் நான். சமூக ஆய்வுகளுக்கு நேர்காணல் எடுப்பதுதான் என் தொழிலாக இருந்தது. அந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உறவினர் வீடுகளை அண்டி வாழும் பெண்களைப் பற்றி மூன்று நாட்டுக் குழுக்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. ஜெர்மன் குழுவுக்கு நேர்காணலின் எழுத்துப்படியில் இருமல், பெருமூச்சு, மௌனம் எல்லாம் வர வேண்டும். அமெரிக்கக் குழுவுக்குப் படிப்பவரைத் தொடும் ஒரு குரல் வேண்டும். எங்கள் குழுத் தலைவர் சொல்லிவிட்டார்: "மௌனத்த யார் சார் படிப்பா? மேற்கோளா ஒரு நல்ல வரி குடுங்க."

மட்டாஞ்சேரி கிட்டங்கியில் சுக்குத் தரம் பிரிக்கும் ஜமீலா, கணவர் விட்டுப்போன பிறகு, 'இக்கா' என்று அவர் அழைக்கும் அண்ணன் வீட்டில் இருந்தார். "அங்க உங்கள எப்படி வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன். முறத்துச் சுக்கைப் புரட்டிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து, "சாயா குடிக்கிறீங்களா சாரே?" என்றார்.

அந்த மௌனத்தை எடுத்துவிட்டு நான் எழுதினேன்: 'அந்த வீட்டில் நான் சம்பளமில்லாத வேலைக்காரி.'

பெயரை மாற்றியிருந்தேன். எல்லோரும் எல்லோரையும் அறிந்த மட்டாஞ்சேரியில் அது போதாது. அறிக்கை மலையாளத்தில் வந்ததும் அண்ணனின் மகள் அதை வீட்டில் படித்துக் காட்டியிருக்கிறாள். அந்த வாரமே ஜமீலா பள்ளுருத்தியில் ஒற்றை அறைக்குப் போய்விட்டார்.

மூன்று குழுக்களுக்கும் உண்மையை எழுதி, அந்தப் பகுதியை நீக்க வைத்தேன். தங்கள் அடுத்த ஆய்வில் எனக்கு இடமில்லை என்றார்கள். பிறகு ஜமீலாவின் அண்ணனிடம் போய், அந்த வரி நானே எழுதியது என்றேன்.

"அவ சொல்லலையா? அப்ப என்னதான் சாரே சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பேசாம இருந்தாங்க."

"பேசாம இருந்தாளா?" என்றவர், அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் பள்ளுருத்திக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறார். ஜமீலா வர மறுத்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்க நானும் போனேன். ஜமீலா வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "நீங்க எழுதினது நெசந்தான்னு எனக்கும் தெரியும், இக்காவுக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்காததால நான் அங்க இருந்தேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தச் சோத்தத் திங்கிறது?"

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"பேனா இருக்கா? இப்ப பேசினத எழுதுங்க. இது நான் சொன்னது. எழுதிட்டுப் படிச்சுக் காட்டுங்க."

படித்துக் காட்டினேன். 'வருத்தத்துடன் சொன்னார்' என்று சேர்த்திருந்ததை அடிக்கச் சொன்னார். அடித்தேன். அதன்பின் என் வேலைக்காலம் முடியும்வரை, சொன்னவரிடம் படித்துக் காட்டாமல் ஒரு பக்கத்தைக்கூட நான் யாருக்கும் அனுப்பவில்லை.