நடக்க வைக்கும் இடம்

பெரியப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்த அந்த மழைக்காலத்தில், தாம்பரத்தில் எனக்கு யோசனை சொல்லாத ஆளே கிடையாது. புறா ரத்தம் தடவச் சொன்னார்கள். யாரோ ஒரு எண்ணெய்க்காரரின் விலாசம் கொடுத்தார்கள். “பெரியவங்களை வீட்லயே வெச்சுப் பாத்துக்கறதுதான் முறை” என்று சொன்னவர்கள் நிறைய. அவர்களில் ஒருவர்கூட, ஒரு பகல் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. ஊருக்கு உபதேசம் செய்ய வாய் மட்டும் இருந்தால் போதும் போலிருக்கிறது.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தவர் பெரியப்பாதான். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்து ரிடையர் ஆனவர். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எனக்கும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். அவர் எழுந்து நடக்காவிட்டால் என் கதி என்ன என்பதை நினைக்கவே பயமாக இருந்தது. அவர் கதியைவிட என் கதியைத்தான் முதலில் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கடைசியாகச் சொன்னது இது: “இனிமே மருந்துல ஒண்ணும் இல்லம்மா. தினமும் நடக்க வைக்கணும். நாலஞ்சு மாசம் ஆகும். அங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்கற மாதிரி ஒரு இடம் பாருங்க.” அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் குடையை எடுத்துக்கொண்டு நான் தேடக் கிளம்பினேன்.

குரோம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோம். புதுச் சுண்ணாம்பு வாசனை, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள். ஆண்களுக்கான அறைகள் மாடியில் இருந்தன. பெரியப்பாவை எப்படி ஏற்றுவது என்று மேனேஜரைக் கேட்டேன்.

“ஆளுங்க இருக்காங்க மேடம், தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

“இறங்கறதுக்கு?”

அந்த மேனேஜர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். “அவர் எதுக்கு மேடம் இறங்கணும்?”

வந்த கோபத்தில் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுபடி போய்க் கேட்க மனசு வரவில்லை.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. அப்படி ஒரு சுத்தத்தை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. ஜன்னல் வழியே ஏரிக்காற்று வந்தது. நாங்கள் வேறு கிறிஸ்தவ சபை என்று தெரிந்தும், அங்கே தலைவியாக இருந்த மதர் அதை ஒரு பொருட்டாக நினைக்காமல் காபி கொடுத்தார். “கவலைப்படாதீங்கம்மா, கடைசி வரைக்கும் நாங்க பாத்துக்குவோம்” என்றார். வரிசையாகப் போட்ட கட்டில்களில் வெள்ளைப் போர்வைக்குள் எல்லோரும் நல்லபடியாகப் படுத்திருந்தார்கள். அன்பான இடம்தான். ஆனால் நான் கடைசியைத் தேடிப் போகவில்லை.

மூன்றாவது, கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு மிஷன் நடத்திய இடம். வாசலிலேயே பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. சமையல்கட்டு ஜன்னலில் பூனை உட்கார்ந்திருந்தது. சாம்பாரைப் பார்த்தால் பெரியப்பா அழுதுவிடுவார் என்று தோன்றியது. ஆனால் காலை பத்து மணிக்கு ஆண்கள் வார்டுக்குள் எட்டிப் பார்த்தபோது ஒரு கட்டிலிலும் ஆள் இல்லை. எல்லோரும் பின்கட்டில் இருந்தார்கள். இடுப்பு உயரத்துக்கு இரண்டு சவுக்குக் கழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு பெரியவர் இரண்டையும் பிடித்துக்கொண்டு, பயிற்சி கொடுக்கிற மாஸ்டரின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். வெற்றிலை மென்றபடி மாஸ்டர் பின்னாலேயே நகர்ந்தார். “திட்டிக்கினே நட சார். வாய் நடந்தா காலும் நடக்கும்.”

அங்கேதான் சேர்த்தேன். ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாது; ஞாயிறு மதியம் மட்டும் போய்ப் பார்க்கலாம். செங்கல்பட்டு வண்டியில் போய் வருவேன். மற்ற நாட்களில் பள்ளியிலிருந்து திரும்பிப் பூட்டைத் திறந்தால், காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் சில நாள் ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது. எதிர்வீட்டில் ரிடையரான ஒரு ரயில் கார்டு இருந்தார். பெரியப்பாவின் உயிர் நண்பர். தினமும் சாயங்காலம் செஸ் ஆட வருவார். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலிலும் ஒரே பெஞ்சில்தான் இருவரும் உட்காருவார்கள். அவர் என்னைக் கண்டால் திண்டாடிப்போய்க் கேட்டைச் சாத்த ஆரம்பித்தார். விஷயத்தைப் பால்காரம்மாதான் உடைத்தாள். பாத்திரத்தில் படாமல் உயரத்திலிருந்து பாலை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

“இன்னா டீச்சரம்மா, பெரியவருக்கு மார்ல கீதாமே? அஞ்சு மாசம் அங்கயே இருக்கணுமாமே?”

சானடோரியம் என்று ரயில் ஸ்டேஷனுக்கே பெயர் வைத்திருக்கிற பக்கம் எங்களுடையது. மாசக்கணக்கில் தங்கி வைத்தியம் என்றால் எங்கள் ஊருக்குத் தெரிந்தது ஒரே வியாதி, டி.பி. நான் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன்: பக்கவாதம், கால், நடைப் பயிற்சி. எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்த வியாதி வந்த எல்லா வீட்டிலும் வேறு எதையாவது சொல்லித்தான் மறைப்பார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் நான் விளக்க விளக்க அது உறுதியாகிக்கொண்டே போனது. “கூடுவாஞ்சேரிலயும் சானடோரியம் ஆரம்பிச்சுட்டாங்களா?” என்று ஒரு அம்மா அனுதாபமாகக் கேட்டார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிறுதோறும் பெரியப்பா கோணிய வாயால் கேட்பார்: “அவன் வரலியா?”

“அவருக்கு முழங்கால் வலி, பெரியப்பா. அடுத்த வாரம் வருவாராம்.”

“நானே போய்ப் பாக்கறேன்னு சொல்லு. கோயிலுக்கு நடந்து வந்து, நம்ம பெஞ்சுல அவன் பக்கத்துல உட்காரப் போறேன்னு சொல்லு.”

அதற்காகவே நடந்தார். அந்தச் சவுக்குக் கழிகளை விட்டுவிட்டுக் கைத்தடியோடு அவர் என்னை நோக்கி வந்த அன்று மாஸ்டரை நான் கும்பிட்டுவிட்டேன். வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

வந்த முதல் ஞாயிறே திருவிருந்து ஆராதனை. எங்கள் கோயிலில் வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். வெள்ளை வேட்டியில் பெரியப்பா தன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நண்பர் இரண்டு பெஞ்சு தள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். திருவிருந்துக்கு ஆண்கள் முதலில் போவார்கள், பிறகு பெண்கள். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில்தான் திராட்சரசம். ஆயர் ஒவ்வொருவருக்கும் பிறகு விளிம்பைத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். “நீங்க மெதுவா வாங்கண்ணே” என்று சொல்லிச் சொல்லி ஆண்கள் அவரைத் தாண்டி முன்னால் போனார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டு அவர் ஒவ்வொருவருக்கும் சிரித்து வழிவிட்டார்.

முன்னால் போய் மண்டியிட்டு, ஆண்களில் கடைசி ஆளாகக் குடித்தார். அடுத்து பெண்கள் எழுந்திருக்க வேண்டும். முன் பெஞ்சில் ஒரு அம்மா முந்தானையைச் சரிசெய்தார், மறுபடியும் சரிசெய்தார். ஒருவரும் எழவில்லை. நான் பின்பெஞ்சிலிருந்து விடுவிடுவென்று நடந்துபோய், பெரியப்பா எழுந்திருப்பதற்குள் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, துணியால் ஆயர் துடைப்பதற்கு முன்பே பாத்திரத்தை வாங்கிக் குடித்தேன். அதற்கப்புறமும் பின்னால் செருப்பில்லாத காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஏன் என்று கேட்டார். ஊரில் டி.பி. என்று பேசுவதைச் சொன்னேன். தடியை ஊன்றிக்கொண்டு சற்று நின்றார்.

“அதான் அவன் வரலியா?”

“ம்.”

“படுத்தே கெடந்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

நடக்க வைக்கும் இடம் என்று தேடித் தேடிச் சேர்த்தவள் நான்தானே.

அடுத்த ஞாயிறு கோயில் மணி அடித்தபோது அவர் எழவில்லை. கால் வலிக்கிறது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பொழுது நன்றாக ஏறிய பிறகும் கட்டிலில் ஆள். அந்த ஒன்றைப் பார்க்கக் கூடாது என்றுதானே நான் அத்தனை அலைந்தது? எனக்கு வந்த கோபம் அவர் மேலா, ஊர் மேலா என்று எனக்கே தெரியவில்லை. போர்வையை உருவினேன். “திட்டிக்கினே நட சார்” என்றேன், மாஸ்டரின் குரலில்.

திட்டினார். சட்டையை மாட்டும்போது திட்டினார். தெரு முழுக்க, எதிர்வீட்டுக் கேட்டைத் தாண்டும்போதும், என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார். கோயிலில் அவர் பெஞ்சு காலியாக இருந்தது. நான் ஆண்கள் பக்கமே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் பக்கத்தில் இல்லை.