கம்பஸுக்கு நடந்து போகிற தூரம்

மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், அதுதான் கம்பஸில், இடம் கிடைத்தபோது தீவிலுள்ள எங்கள் ஊர்காவற்றுறையிலிருந்தே போய்வரலாம் என்றுதான் நினைத்தோம். இரண்டு பஸ் மாறிப் போய், பின்னேரம் திரும்பி வந்து, சாப்பிடாமலே படுத்துவிடுவாள். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு, கம்பஸ் இருக்கிற திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீடு எடுத்து நானும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது, கணவர் ஞாயிறுகளில் வந்துபோவது என்று முடிவெடுத்தோம்.

வீடு காட்டிய தரகருக்கு உலகத்திலுள்ள எல்லா வீடும் கம்பஸிலிருந்து ஐந்து நிமிடம். அவர் காட்டிய முதல் வீட்டிலிருந்து நடந்து பார்த்தோம். வளாக மதிலைக் காணவே அரை மணித்தியாலம் போனது.

"மோட்டார் சைக்கிளிலை ஐஞ்சு நிமிசம்தானே அக்கா," என்றார் வெட்கமில்லாமல்.

இரண்டாவது வீடு உண்மையிலேயே பக்கம். சொந்தக்காரர் கனடாவில். சாவி வைத்திருந்தது அவருடைய தம்பி, ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். விறாந்தை நிறையப் பொலித்தீன் உறை கழற்றாத கதிரைகள். யாரும் இருக்காத அந்தக் கதிரைகளுக்குக் காவலிருந்த மனிதர் எங்களை நிற்கவைத்தே பேசினார்.

"எந்த இடம்?"

"ஊர்காவற்றுறை," என்றேன்.

"ஓ, தீவோ. எந்தக் கோயிலடி?"

வீடு கேட்டு வந்தவளிடம் கோயில் எதற்கு? அவருக்கு வேண்டியது எங்கள் சாதி. அதை நேரே கேட்கிற துணிவுகூட இல்லாத படிப்பு.

"மாதா கோயிலடி."

"அவர் என்ன செய்யிறார்?"

எனக்கு முந்திக் கணவர், "துறைமுகத்திலை வேலை," என்றார். எந்தக் காற்றிலும் கடலுக்குப் போகிற மனிதர், ஒரு சாவிக்கொத்துக்கு முன்னால் பொய் சொன்னார். அவர்மேலும் எனக்கு அருவருப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்ற என்மேலும்தான்.

மகள் சொன்னாள்: "அப்பா மீன்பிடிக்கப் போறவர்."

அந்த மனிதர் சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். "இஞ்சை மீன், மச்சம் காய்ச்ச ஏலாது. எதுக்கும் அண்ணையிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

மதிலுக்கு அங்காலிருந்த அவருடைய சொந்தக் குசினியிலிருந்து மீன் பொரிக்கிற மணம் வந்துகொண்டிருந்தது.

"கேக்க வேண்டாம். எங்களுக்கு வீடு பிடிக்கேல்லை," என்றேன்.

அவர் திகைத்துப் போனார். தீவாருக்கும் ஒரு வீடு பிடிக்காமல் போகலாம் என்பது அவருக்குப் புதிய செய்தி.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். அங்கே கணவர் நிலத்தைப் பார்த்தபடி, "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். பரவாயில்லை என்று மகள் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம், போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த ஒரு பெண் தன் கடைக்குப் பின்னாலிருந்த சிறிய வீட்டைக் காட்டினார். இரண்டு அறை, அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கூரை. அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி.

"கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர். சமாளிப்பியளோ?"

எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டார். நாங்கள் நாலு பேரும் சிரித்துவிட்டோம். அவருக்குக் காரணம் விளங்கவில்லை.

மகள் இப்போது பத்து நிமிடத்தில் வகுப்புக்கு நடந்து போகிறாள். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாள்.