ரிஜிஸ்டரில் என் பெயர் மேலே இருந்தது

ஃபார்மலின் நெடி... தென்னூரில் எங்கள் சின்னக் கல்லூரியின் தாவரவியல் லேபில் நுழைந்தாலே கண் எரியும். வீட்டுக்கு வந்து சோறு பிசைந்தாலும் விரலில் அதே நெடி.

அறுபதுகளின் தொடக்கம். நானும் கனகமும் அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர்கள். அவள் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா இல்லை. அம்மாவும் இரண்டு தங்கைகளும் அவள் வேலையை நம்பித்தான் இருந்தார்கள். மதியம் இருவருக்கும் ஒரே டிபன் டப்பா.

மைக்ராஸ்கோப்பில் வைக்கத் தண்டைச் சீவுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. என்னுடையதைப் பார்த்து, "ஏன்டி, கத்திரிக்காயா நறுக்குற?" என்பாள்.

பிறகுதான் அந்த ஆர்டர் வந்தது. மூன்று சின்னக் கல்லூரிகளை இணைத்து ஒரே அரசுக் கல்லூரி. மாணவிகளுக்குக் கொண்டாட்டம்... பெரிய கட்டடம், பெரிய லைப்ரரி. ஆனால் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அங்கே இடம்.

படிப்பு, சேர்ந்த நாள், எல்லாம் ஒன்று. யார் சீனியர் என்று பார்க்க, வந்த ஆபீசர் பழைய வருகை ரிஜிஸ்டரைப் புரட்டினார். நாங்கள் சேர்ந்த நாளில் என் கையெழுத்து மேலே, அவளுடையது கீழே.

"நீங்கதான் மொதல்ல வந்தீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

முதலில் வந்தவள் கனகம். அன்று நல்ல மழை. "எனக்குக் கையெல்லாம் ஈரம், இங்க் கலைஞ்சிடும். நீங்க போடுங்க" என்று பேனாவை என்னிடம் நீட்டியவளும் அவள்தான்.

"ஆமா சார்" என்றேன்.

கனகம் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வையம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்கூலில் அவளுக்கு வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டாள். ஒரு வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"வாங்க, உக்காருங்க... வெயில்ல வந்திருக்கீங்களே" என்றாள்.

வாடி போடி என்று பேசியவள்.

காபி குடித்தேன். தங்கையின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம். போன காரியத்தைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

இன்று அந்தச் சின்னக் கல்லூரி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பெரிய கல்லூரி இன்னும் பெரிதாகிவிட்டது. துறைத் தலைவியாக நான் அங்கேதான் ஓய்வு பெற்றேன். கனகம் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன.

பழைய மாணவிகள் நீங்கள் இங்கே, என் முகநூல் பக்கத்தில், அடிக்கடி எழுதுகிறீர்கள்... "மேடம், உங்கள மாதிரி நேர்மையானவங்கள நாங்க பார்த்ததில்ல" என்று.

இனி அப்படி எழுதாதீர்கள், அம்மா.