வலப்பக்கத்து நார்பர்ட்

நார்பர்ட் ஷிமான்ஸ்கி எந்தப் போரிலும் வென்றதில்லை. தட்டைப் பாதம் என்று சொல்லி ராணுவமே அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. தேர்தலில் நின்றதில்லை. தேவாலயக் குழுவில்கூட ஒரு பதவி வகித்ததில்லை. இந்தியானா மாநிலத்தில் ஹால்பர்ட் என்கிற ஊரின் கண்ணாடி ஆலையில், முப்பத்தொரு வருஷம் ஊறுகாய்ப் புட்டிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரிசல் தேடினார். இருந்தால் தொட்டியில் போட்டார், இல்லாவிட்டால் பெட்டியில் போட்டார். ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல இவ்வளவு போதும் என்று நினைக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு 1966-ஆம் வருஷத்துக் கோடையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஆகவே இனி 'அவன்' என்றே போகலாம். கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

அந்தக் காலத்தில் ஹால்பர்ட்டில் ஒரு வாலிபனின் குணம், குடும்பம், எதிர்காலம் மூன்றையும் அவனுடைய கார்ச் சக்கரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் வங்கிக்காரர் பிள்ளைகளும் மெக்னீசியத்தில் வார்த்த சக்கரம் போட்டார்கள். அது தேவர் உலகம். ஆலைத் தொழிலாளிகளுக்கு வாய்த்தது 'திருப்பிப் போட்ட' சக்கரம். சாதாரண இரும்புச் சக்கரத்தின் வளையத்தைக் கழற்றி, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பற்றவைத்து, மேலே குரோமியம் பூசினால், அது ஆழமான வெள்ளிக் கிண்ணம் மாதிரி ஆகிவிடும். விலை மெக்னீசியத்தில் கால்வாசி. தூரத்திலிருந்து பார்த்தால் மோட்சம் ஒன்றுதான்.

அதிலும் நாலு வாங்க முடியாதவர்கள் இரண்டு வாங்கிப் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். முன்னால் வெறும் கறுப்பு இரும்பு இருக்கும். ஊர் வழக்கம் என்பதால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நார்பர்ட்டின் கையிலும் இரண்டுக்குத்தான் பணம் இருந்தது. ஆனால் அவன் சிந்திக்கிறவன். அவனுக்கு அதுதான் வினையாயிற்று.

டயர் கடையில் வேலை பார்த்த டுவெய்ன் அவனுடைய பள்ளித்தோழன். காரை ஜாக்கியில் ஏற்றிவிட்டு வழக்கப்படி பின்பக்கம் போனான்.

"பின்னாடி வேணாம்டா," என்றான் நார்பர்ட். "ரெண்டையும் வலப்பக்கம் மாட்டு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

டுவெய்ன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "வெயில்ல நின்னியா?"

"ஒரு மனுசன் ஒரு காரை ஒரே நேரத்துல எத்தனை பக்கம் பாக்க முடியும்?"

"ஒரு பக்கம்."

"அந்தப் பக்கம் ரெண்டும் பளபளன்னு இருந்துச்சுன்னா மத்ததும் அப்படித்தான்னு நினைச்சுக்குவான். மீதி ரெண்டையும் அவன் மூளையே மாட்டிவிட்டுடும். எனக்குச் செலவில்ல."

"சுத்தி வந்து பாத்துட்டான்னா?"

"நான் நின்னாத்தானே சுத்தி வருவான்."

டுவெய்ன் ஸ்பானரை மறுபடி எடுத்தான். வலப்பக்கம் போய் நட்டுகளை முடுக்கினான். அவனுக்கு வேறு வண்டிகளும் இருந்தன.

நார்பர்ட் சொன்னபடியே நிற்கவில்லை. ஜூன் முதல் தேதியிலிருந்து தினமும் சாயங்காலம் ஆலையிலிருந்து வந்து, சட்டை மாற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டு, இருக்கையில் பாதி படுத்தபடி புறப்படுவான். மெயின் தெருவில் வலப்பக்கம் ஒரு டிரைவ்-இன் கடை. காரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும், சாப்பிடாமல் சாலையையே பார்க்கிறவர்களுமாக ஊர் இளசுகள் மொத்தமும் அங்கேதான் கிடக்கும். கடை முன்னால் மெதுவாகப் போவான். அடுத்த முனையில் வலது பக்கம் திரும்புவான். மறுபடி வலம், பின் தெரு, மறுபடி வலம், மறுபடி மெயின் தெரு. இடது பக்கம் திரும்பினால் தத்துவம் கெட்டுவிடும். திருப்பிப் போட்ட சக்கரங்கள் ஒரு பக்கம் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்ததால் காரே லேசாக வலப்புறம் இழுத்தது. இயற்கையும் தன் கட்சிதான் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அந்தச் சாயங்காலங்களைப் பற்றி அவரிடம் இன்று கேட்டாலும் குரல் தாழ்ந்துவிடும். ஊரைச் சுற்றிச் சோளக்கொல்லை. ஏழு மணி வெயில் பழுத்துச் சாலையில் படுத்திருக்கும். கடையின் விளக்குகள் எரியத் தொடங்கும்போது, சிவப்பும் பச்சையும் நீலமும் அந்தக் குரோமியக் கிண்ணத்துக்குள் விழுந்து சுழலும். தலைகீழாகக் கடை, தலைகீழாக மரங்கள், தலைகீழாகத் தட்டேந்திய பெண்கள், எல்லாம் சக்கரத்துக்குள்ளே ஒரு சின்ன ஊராகக் கரைந்து கரைந்து ஓடும். ஓட்டுகிறவனால் தன் சக்கரத்தைப் பார்க்க முடியாது. வலப்பக்கம் நிற்கும் கார்களின் கதவில் அதன் ஒளி நழுவிப் போவதை மட்டும் பார்ப்பான். ஆற்று மீன் ஒன்று கூடவே வருகிற மாதிரி இருக்குமாம். கனவிலும் அதுவே வந்தது. கனவில் நாலு சக்கரமும் குரோமியம்தான்.

தட்டேந்திய பெண்களில் ஒருத்தி ஜெனிவீவ் நோவிக்கி. பத்தொன்பது வயது. தலையில் காகிதத் தொப்பி. ஒரு கையில் ரூட் பீர் என்கிற வேர்ச் சோடா நிறைந்த ஆறு கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு, ரொட்டிக்கு வெளியே நாலு விரல் நீட்டிக்கொண்டிருக்கும் பன்றிக்கறி வறுவலை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, எதையும் சிந்தாமல் நடப்பாள். நார்பர்ட் சுற்றியதெல்லாம் அவள் பார்ப்பதற்காக. இதில்தான் சிக்கல். அவளோடு பேச வேண்டுமானால் கடைக்குள் போய் நிற்க வேண்டும். நின்றால் அவள் ஓட்டுகிறவன் பக்கத்து ஜன்னலுக்கு, அமெரிக்கக் கார்களில் அது இடப்பக்கம், தட்டை மாட்ட வருவாள். அங்கே இரண்டு கறுப்பு இரும்பு. எனவே அவன் கோடை முழுதும் அவளை நேசித்தபடி, மணிக்குப் பத்து மைல் வேகத்தில் அவளைக் கடந்துகொண்டே இருந்தான்.

பின் தெரு வேறு உலகம். அங்கே பார்க்க யாருமில்லை என்பது அவன் எண்ணம். இடப்பக்கம் வரிசையாக வீடுகள் இருந்தன, உண்மை. ஆனால் இடப்பக்கத்தை அவன் பார்ப்பதில்லை. தான் பார்க்காத மக்கள் தன்னையும் பார்ப்பதில்லை என்று ஒரு ஏற்பாடு. பின் தெருவுக்குள் நுழைந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வலப்பக்கம் திருகிப்போன கழுத்தை நீவிக்கொள்வான். தெரு நடுவில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். ஹாரன் அடிக்காமல் அதைச் சுற்றிப் போவான். ஒரு சாயங்காலத்துக்கு இருபது தரம்.

ஆகஸ்ட் கடைசி வாரம், திங்கட்கிழமை, டுவெய்ன் ஆலை வாசலுக்கே வந்துவிட்டான்.

"ஜெனிவீவ் வேலையை விட்டுட்டா, தெரியுமா? ஞாயித்துக்கிழமை மில்வாக்கி போறா. நர்ஸ் படிப்பு."

நார்பர்ட் சாப்பாட்டு டப்பாவைத் தரையில் வைத்தான். "திரும்பி வருவாளா?"

"நர்ஸு ஆன பொண்ணு ஹால்பர்ட்டுக்கு எதுக்கு வரணும்? இன்னொண்ணும் இருக்கு. அவளுக்கு ஒருத்தன் மேல ஒரு இது."

"எவன்?"

"பேரு தெரியலையாம். நீலக் காராம். வெறும் இரும்புச் சக்கரமாம். சாது மாதிரி இருப்பானாம். இவ லீவுல வீட்டுல இருக்கிற செவ்வாக்கிழமைகள்ல அவ வீட்டு வழியா போவானாம்."

கார்த் தொழிற்சாலைகள் அந்த ஆண்டு அந்த நீலத்தை வாளி வாளியாக ஊற்றியிருந்தன. நார்பர்ட்டுடையதையும் சேர்த்துத் தெருவுக்கு ஏழெட்டு நீலக் கார்கள்.

"இரும்புச் சக்கரத்துல என்னடா கண்டா?" என்றான் நார்பர்ட், உண்மையான வேதனையோடு.

"அதான் எனக்கும் புரியல," என்றான் டுவெய்ன். அவன் முகம் டயர் மாதிரி எந்த உணர்ச்சியும் இல்லாமல் இருந்தது. "வீடு உன் பின் தெருவுலதான். நாளைக்குப் போனா ஆளைப் பிடிக்கலாம்."

அன்று ராத்திரி நார்பர்ட் தூங்கவில்லை. முகமில்லாத ஒருவன் நீலக் காரில் நிதானமாக, சாதுவாக, சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை வேட்டை தொடங்கியது. முன்னால் போன நீலக் கார்களையெல்லாம் துரத்தினான். ஒன்றில் பாதிரியார் இருந்தார். இன்னொன்றில் பிரசவத்துக்குப் போகிற ஒரு பெண் இருந்தாள். பின் தெருவில் எத்தனை தரம் நுழைந்தாலும் அங்கே நாயையும் தன்னையும் தவிர யாருமில்லை. எதிராளி கெட்டிக்காரன், எப்போதும் தனக்குச் சரியாக அரைச் சுற்று முன்னாலேயே போகிறான் என்று முடிவு செய்தான். வேகத்தைக் கூட்டினான். பதினாலாவது சுற்றில் நாய்க்குப் பக்கத்தில், கையை உயர்த்தியபடி ஒரு பெரியவர் நின்றார். பனியன், கால்சட்டைப் பட்டி, வாயில் அணைந்த சுருட்டு.

"நிறுத்து தம்பி."

மூன்று மாதத்தில் முதன்முறையாக நார்பர்ட் நிறுத்தினான்.

பெரியவர் இடப்பக்க ஜன்னலில் குனிந்தார். "பெட்ரோல் உனக்குச் சும்மா வருதா?"

"இல்லீங்க."

"வழி தெரியாம சுத்துறியா?"

"தெரியும்ங்க."

"தினம் இருபது தரம். நான் போலீசுல சொல்லலாம்னு இருந்தேன். எம் பொண்ணுதான் விடல. நாய்க்கு வழி விடுறவன் திருடனா இருக்க மாட்டான்ப்பான்னா. நான் காசிமிர் நோவிக்கி. நீ யாரு?"

நார்பர்ட் பதில் சொல்லத் தலையை இடது பக்கம் திருப்பினான். கழுத்தெலும்பு சொடக்கு விட்டது. வாசல் படியில், காகிதத் தொப்பி இல்லாமல், மடியில் பியரோகி என்கிற போலந்துக் கொழுக்கட்டைத் தட்டோடு ஜெனிவீவ் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். எழுந்து வந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்தச் சாது, அந்த இரும்புச் சக்கரக்காரன், யார் என்று. அன்று சாயங்காலம் முழுதும் கொல்லத் தேடிய ஆள் இப்படிக் கரைந்து போனதில் ஒரு சின்ன ஏமாற்றம்கூட இருந்தது.

"சாப்பிடுங்க," என்று தட்டை ஜன்னலுக்குள் நீட்டினாள். "உங்களுக்கு அண்ணன் தம்பி யாராவது இருக்காங்களா?"

"ஏன்?"

"இதே கார், இதே நீலம். எங்க கடை முன்னாடி தினம் போவான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, படுத்தவாக்குல. நாலு சக்கரமும் குரோமியம். ஒரு நாள் நின்னு ஒரு கோப்பை ரூட் பீர் வாங்கியிருப்பானா? நாங்கெல்லாம் அவன் கண்ணுக்கு ஈ, எறும்பு. அவனை நினைச்சாலே பத்திக்கிட்டு வருது."

நாலு சக்கரமும் என்று அவள் சொன்னதைக் கேட்டு, அந்த நிலைமையிலும் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமிதம் எழுந்து அடங்கியது. தத்துவம் பலித்திருந்தது. பலித்ததால்தான் பிழைக்க வழியில்லாமல் இருந்தது.

"அவ்வளவு மோசமானவன் இல்லீங்க," என்றான், வாயில் பியரோகியோடு. "கொஞ்சம் கழுத்து வலி."

"தெரியுமா அவனை?"

அவன் பதில் சொல்வதற்குள் பெரியவர் குறுக்கிட்டார். "ஜென், அந்த ஏப்ரனையும் தொப்பியையும் கடையில திருப்பிக் கொடுக்கணும்னியே. கார் நிக்குது, ஆள் இருக்கான். ஏன் நடக்கணும்? எட்டுக்குள்ள வீட்டுல இருக்கணும், அவ்வளவுதான்."

அவள் உள்ளே போய்ப் பொட்டலத்தோடு வந்தாள். அவள் ஏற வேண்டிய கதவு வலப்பக்கம். அங்கே போனால் அந்தத் திமிர் பிடித்தவன் நிற்பான். நார்பர்ட் அவசரமாக இறங்கித் தன் கதவைத் திறந்து பிடித்தான்.

"இப்படியே ஏறி உள்ள நகர்ந்துக்கலாம்."

"ஏன், அந்தக் கதவு உடைஞ்சிருக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கும். மரநிழலில் வெயில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. நாய் ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"இல்லீங்க," என்றான். "கதவு நல்லாத்தான் இருக்கு. போய்ப் பாருங்க."

அவள் காரின் முன்பக்கமாகச் சுற்றிப் போனாள். கூரைக்கு மேலே அவள் தலைமுடி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. குனிந்திருக்கிறாள். அந்தக் கிண்ணத்துக்குள் இப்போது அவள் முகம் தலைகீழாக மிதக்கும், அதைச் சுற்றி ஆகாயமும் மரங்களும் மிதக்கும், சக்கரம் சுழலாததால் எதுவும் கரைந்து போகாமல் அப்படியே நிற்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றான். அவ்வளவு நேரம் தன் வாழ்க்கையில் வேறெதுவும் எடுத்துக்கொண்டதில்லை என்று அவர் இப்போதும் சொல்கிறார். பெரியவரும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து இடப்பக்கச் சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி போனார்.

"அப்பா," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, "அவனும் இவர்தான்."

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு புத்திதான் இருக்கும்போல," என்றார் பெரியவர்.

"பணம் ரெண்டுக்குத்தான் இருந்துச்சு," என்றான் நார்பர்ட் கூரையைப் பார்த்து.

"நாங்க கேக்கல," என்றாள் ஜெனிவீவ். "நீங்க நின்னீங்களா இல்லையாங்கிறதுதான் எனக்கு முக்கியம். இத்தனை நாளும் ஏன் நிக்கலைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு." கதவு திறந்தது. இருக்கையின் ஸ்பிரிங் முனகியது. "வாங்க. எட்டு மணி ஆயிடும்."

டிரைவ்-இன்னில் அன்று கூட்டம். நார்பர்ட் சுவரோரம் ஒதுங்கப் போனான். "நடுவுல நிறுத்துங்க," என்றாள். நடுவில், எல்லா விளக்கும் விழுகிற இடத்தில், நிறுத்தினான். இடப்பக்கத்து இரண்டு கறுப்புச் சக்கரங்களையும் ஊர் முதன்முதலாகப் பார்த்தது. கோப்பைகள் உதட்டருகே நின்றன. பக்கத்துக் காரிலிருந்து, மெக்னீசியச் சக்கரக்காரன் ஒருவன் தலையை நீட்டினான்.

"என்ன ஷிமான்ஸ்கி, இந்தப் பக்கம் யாராவது உருவிட்டாங்களா?"

நார்பர்ட் வாயைத் திறப்பதற்குள் ஜெனிவீவ் அவனைத் தாண்டி ஜன்னலுக்குச் சாய்ந்தாள்.

"இது நான் பாக்கிறதுக்கான பக்கம். உனக்கு இங்க என்ன வேலை? அந்தப் பக்கமா போய்ப் பாரு."