படிக்காமலே விடை சொன்னவர்

திங்கட்கிழமை காலை செண்பகவல்லியிடமிருந்து அழைப்பு வந்தபோது நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் கேட்டல் பரீட்சைகளுக்கு மாதிரிக் குரல் கொடுப்பவர் அவர்.

"சார், அண்ணாச்சி போயிட்டாவ சார்."

"எந்த அண்ணாச்சி?" என்றேன். எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன்.

"நம்ம பாண்டியன் அண்ணாச்சிதான் சார். விடியக்காலம் மதினி காப்பி கொண்டுபோய் எழுப்பியிருக்காவ. எந்திரிக்கல."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். நாற்காலியில் கிடந்த என் பைக்குள் ஒரே ஒரு தாள் இருந்தது. சங்கரபாண்டியன் அவர்கள் அந்தத் தாளைக் கேட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. திங்கட்கிழமை கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். திங்கட்கிழமை வந்துவிட்டது.

பதினாறாம் நாளுக்கு நண்பர்கள் சிறு நினைவு மலர் ஒன்று கொண்டுவருகிறார்கள். "நீங்கதான் சார் எழுதணும், ஒங்க எழுத்து நல்லா இருக்கும்" என்றார் மேலாளர். ஏழு வருடத்தில் என் எழுத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதற்கு ஒரு சாவு வேண்டியிருந்திருக்கிறது. நான் மறுக்கவில்லை. பாண்டியன் அவர்களைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் காரணம் மற்றவர்களுக்கு இல்லை.

அவரை அறியாதவர்களுக்கு அவர் பார்த்த வேலையை முதலில் சொல்ல வேண்டும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், ஒரு டயர் கடைக்கு மேலே, எங்கள் அலுவலகம் இருக்கிறது. சீனாவில் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ஆங்கில மாதிரித் தேர்வுகளை அங்கே தயாரிக்கிறோம். ஒரு பகுதி கேட்டல், ஒரு பகுதி வாசித்தல். சிறு பத்தி ஒன்று, அதன் கீழே நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். பத்தியை எங்கள் அலுவலகத்தில் யாரும் பத்தி என்று சொல்வதில்லை, பேசேஜ் என்பார்கள். பத்தியைப் படித்த பிள்ளைக்கு மட்டுமே விடை தெரிய வேண்டும். படிக்காமலே ஊகித்துவிட முடிந்தால் அந்தக் கேள்வி குப்பைக்குப் போகும். அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும். அவரிடம் பத்தியைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் கொடுப்போம். அவர் விடைகளைக் குறித்துத் திருப்பித் தந்த பிறகுதான் பத்தியைக் கொடுப்போம். அந்த ஆள்தான் சங்கரபாண்டியன் அவர்கள்.

அச்சன்புதூர்க்காரர். பன்னிரண்டாம் வகுப்போடு ராணுவத்தில் சேர்ந்து, சிக்னல் பிரிவில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வடகிழக்கு மலைகளில் இருபது வருடத்துக்கு மேல் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவர். இரைச்சலுக்கு நடுவே வரும் ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டே மொழியைக் கற்றுக்கொண்டவர். நானோ ஆங்கிலத்தில் முனைவர் பட்டம் பெற்றவன். கல்லூரி வேலைக்கு மூன்று முறை நேர்காணல் போய், மூன்று முறையும் என்னைவிடக் குறைவாகப் படித்தவர்களுக்கு இடம் விட்டுத் திரும்பியவன். நாற்பத்து நான்கு வயதில் டயர் கடை மாடி ஏறினேன். அதே வாரம் அவரும் ஏறினார்.

சேருகிறவர்களுக்கு முதல் நாளே சீனப் பிள்ளைகளின் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொல்வது வழக்கம். கேட்டல் பகுதியில் அவர் ஒரே ஒரு கேள்வியைத் தவறவிட்டார். நான் ஐந்து. கேள்விகளிலேயே பிழை என்பது என் கட்சி. அதை விளக்கி இரண்டு பக்கம் எழுதி விடைத்தாளோடு இணைத்திருந்தேன். மேலாளர் அதை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார். பாண்டியன் அவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டாக்டர், பரீட்சை எழுதச் சொன்னா நீங்க மனுவுல்லா எழுதியிருக்கீய!"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலை டீக்கடையில் நான் தனியாக நின்றிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். "வாங்க டாக்டர், ஒக்காருங்க. அஞ்சாவது கேள்வியில நீங்க சொன்னது சரிதான். தப்பு அவன் மேலதான். ஆனா பிள்ளைக்கு மனு எழுத நேரம் கிடையாதுல்லா?" நான் உட்கார்ந்தேன். அதன்பின் நான்கு வருடம் தினமும் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். இந்த ஊரில் எனக்கென்று ஒருவர் நகர்ந்து கொடுத்த இடம் அது ஒன்றுதான்.

கேட்டல் தேர்வில் முதல் சில உரையாடல்களைப் பிள்ளைகளுக்கு ஒரே முறைதான் போட்டுக் காட்டுவார்கள். அவரும் ஒரு முறைக்கு மேல் கேட்கமாட்டார். கீழே டயர் கடையில் சம்மட்டி விழுந்து பாதி வாக்கியம் போய்விட்டாலும் திரும்பப் போடச் சொல்லமாட்டார். "அங்கன அந்தப் பிள்ள மறுக்காச் சொல்லுன்னு யாருகிட்ட கேக்கும்?" என்பார். ஒருநாள் செண்பகவல்லி சீண்டினார்: "அண்ணாச்சி, எல்லையில அவங்களுக்கு எதுக்கத்தான காவலுக்கு இருந்தீய? இப்போ அவங்க பிள்ளைக்கே பரீட்சை வைக்கீய!"

"அங்கனயும் காதுதான் வேலை, இங்கனயும் காதுதான் வேலை. இங்கன குளிரு இல்ல, ஏட்டி. அவ்வளவுதான்."

நான் அப்போது பத்தி எழுதுபவர்களில் ஒருவன். என் ஆங்கிலத்தில் யாரும் குறை கண்டதில்லை. ஆனால் என் கேள்விகள் மட்டும் அவரிடமிருந்து சரியான விடைகளோடு திரும்பி வந்தன. பத்தியைப் பார்க்காமலே நான்குக்கு நான்கு. முதலில் ஒரு காரணம் சொன்னார்: "நாலு பதில்ல எது நீளமோ அதுதான் டாக்டர் பதில். உண்மைன்னா நீங்க ரெண்டு கமா கூடப் போடுதீய." திருத்திக்கொண்டேன். எல்லா விடைகளையும் ஒரே நீளத்தில் வெட்டினேன். அப்போதும் கண்டுபிடித்தார். எப்படி என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். வற்புறுத்தினேன்.

"கோவிச்சுக்கிடக் கூடாது. ஒங்க கதையில பரிசு எப்பவும் அடுத்தவனுக்குத்தான் போவும். கடுதாசி வராது. ரயிலு போயிரும். கடைசிக் கேள்வி 'அவர் எப்படி உணர்ந்தார்'னு இருந்தா, ஏமாற்றம்னு எங்கன போட்டிருக்கோ அதை டிக் பண்ணிருவேன். சீனாவுல இருக்க பிள்ளைவோ ஒங்களப் பாத்ததே இல்ல, டாக்டர். ஆனா பத்துப் பேசேஜ் படிச்சா ஒங்களக் கண்டுபிடிச்சிரும்."

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அன்று மாலை எழுதிய பத்தியில் ஒரு கிழவர் மகனுக்காக நிலையத்தில் காத்திருந்தார். மகன் வரவில்லை. மாற்றி எழுத முயன்றேன். கை போகவில்லை.

அடுத்த வருடம், எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரையும் பற்றிச் சரிபார்ப்பவரிடம் அறிக்கை கேட்டது சீனாவிலுள்ள பதிப்பகம். எழுத்தாளர்களுக்குத் தலைமைப் பொறுப்பு ஒன்று வரவிருந்தது. வயதிலும் படிப்பிலும் நானே மூத்தவன். என்னைப் பற்றிய அறிக்கையை அனுப்புவதற்கு முன் அவரே என் மேசைக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள். இவர் மொழி குறையற்றது. இவர் பத்திகளைப் படிக்காமலே விடை சொல்லிவிடலாம். எல்லாப் பத்தியிலும் ஒரே மனிதர்தான் வருகிறார்.

"அனுப்புறதுக்கு முந்தி நீங்க பாத்திரணும்னு நெனைச்சேன்" என்றார்.

"அனுப்புங்க" என்றேன்.

பொறுப்பு இருபத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்குப் போனது. என்னை எழுத்து வேலையிலிருந்தே எடுத்து, ஒலிப்பதிவில் இடைவெளி சேர்க்கும் வேலையில் போட்டார்கள். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே பிள்ளைகள் யோசிக்க ஐந்து விநாடி, பத்து விநாடி என்று ஒன்றுமில்லாததை அளந்து சேர்க்கும் வேலை. இன்றும் அதுதான் என் வேலை.

அந்த அறிக்கையை நான் மன்னிக்கவில்லை. இறந்தவரைப் பற்றி எழுதும்போது மன்னித்துவிட்டதாகச் சொல்வது மரபு. எனக்கு அது வரவில்லை. அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் மன்னிக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினேன். டீக்கடைக்குப் போவதையும் நிறுத்தினேன். மூன்று வருடம், பத்தடி தூரத்தில், ஹெட்போன் மாட்டிய அவர் முதுகைப் பார்த்தபடி நான் இடைவெளி சேர்த்துக்கொண்டிருந்தேன். அவர் காலையில் உள்ளே வரும்போது "வணக்கம் டாக்டர்" என்று சொல்வதை ஒருநாளும் விடவில்லை. நானும் ஒருநாளும் பதில் சொல்லவில்லை.

இந்த வருடம் பங்குனியில் அவருக்கு இதயம் பலவீனமானது. மாடி ஏறக்கூடாது என்றார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். ஆய்க்குடியில் இருக்கும் செண்பகவல்லி மாலையில் ஸ்கூட்டரில் அச்சன்புதூர் வரை போய்த் தாள்களைக் கொடுத்து வாங்கி வருவார். சாரல் தொடங்கிய ஆனியில் ஒருநாள் செண்பகவல்லி என் மேசையருகே வந்து நின்றார்.

"அண்ணாச்சி ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாவ சார். 'டாக்டர் இப்போ ஒண்ணும் எழுதலையா? என்னால கண்டுபிடிக்க முடியாத மாரி ஒரே ஒரு பேசேஜ் எழுதச் சொல்லு. முடிஞ்சா எழுதட்டும்'னாவ."

"எனக்கு அந்த வேலை இல்லைன்னு சொல்லும்மா" என்றேன்.

ஆனால் எழுதினேன். வாடகை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து. நூற்றுக்கும் குறைவான சொற்கள். அவ்வளவு கடினமாக எதையும் நான் எழுதியதில்லை, ஆய்வேடு உட்பட. வழக்கப்படி பத்தியை வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளை மட்டும் புதன்கிழமை கொடுத்தனுப்பினேன். ஒன்று, பேருந்து எப்போது வந்தது? இரண்டு, குடை யாரிடம் இருந்தது? மூன்று, பேருந்தில் அவருக்கு உட்கார இடம் கிடைத்ததா? நான்கு, கடைசியில் அவர் எப்படி உணர்ந்தார்?

வியாழக்கிழமை தாள் திரும்பியது. முதல் கேள்விக்கு 'பேருந்து வரவேயில்லை' என்று குறித்திருந்தார். இரண்டாவதற்கு 'யாரிடமும் இல்லை'. மூன்றாவதற்கு 'நின்றுகொண்டே போனார்'. மூன்றும் தவறு. ஏழு வருடத்தில் என் கேள்விகளில் அவர் செய்த முதல் தவறுகள். நான்காவது கேள்வியில் 'ஏமாற்றம்' என்ற விடைக்கு எதிரே ஒரு டிக் போட்டு, பிறகு அதை அடித்திருந்தார். வேறு எதையும் குறிக்கவில்லை. ஓரத்தில், நடுங்கிய எழுத்தில், 'பேசேஜ் வேணும்' என்று எழுதியிருந்தார்.

"குடுங்க சார், சாயங்காலம் போகையில குடுத்திருதேன்" என்றார் செண்பகவல்லி.

தாள் என் பையில்தான் இருந்தது. "திங்கக்கிழமை குடுக்கேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மறைக்கப்போவதில்லை. மூன்று வருடம் நான் வெந்தேன்; அவர் நான்கு நாள் காத்திருக்கட்டும் என்றுதான். அந்த நான்கு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அச்சன்புதூரில் அவர் வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். முன்னாள் ராணுவத்தினர் மலர்வளையம் கொண்டுவந்திருந்தார்கள். மேலாளர் ஒரு மாலையோடு வந்து, பதினைந்து நிமிடம் நின்று, இனி கேள்விகளை யாரிடம் கொடுப்பது என்று என்னிடம் கவலைப்பட்டுவிட்டுப் போனார். நான் யாரோடும் சேராமல் வேப்பமரத்தடியில் நின்றேன். செண்பகவல்லி என்னை உள்ளே அழைத்துப் போய் அவர் மனைவியிடம் இன்னார் என்று சொன்னார்.

"நீங்கதான் டாக்டரா?" என்று மதினி நிமிர்ந்து பார்த்தார்கள். "தாளு வரும், தாளு வரும்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. கண்ணாடியக் கழத்தவே இல்ல. நேத்து நாந்தான் திட்டுனேன், 'அந்த மனுசன் குடுக்க மாட்டாரு, ஒறங்குங்க'ன்னு. அதுக்குச் சிரிக்காவ. 'டாக்டரு வேணும்னேதான் இழுக்காவ. திங்கக்கிழம கண்டிப்பா கொண்டாருவாவ'ன்னாவ."

பத்தியைப் பார்க்காமலே அதையும் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளைக் கையிலெடுத்தேன். சுற்றிலும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அங்கே எப்படிப் படிப்பது? மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று மாலை குற்றாலச் சாலை டீக்கடையில் இறங்கி, மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். முழு பெஞ்சும் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓரமாகவே உட்கார்ந்தேன்.

இனி என் பத்திகளைப் படிக்காமல் விடை சொல்ல யாரும் இல்லை. நான் எழுதுவதாகவும் இல்லை. அவர் கேட்ட பத்தியை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்.

'மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு மனிதர் பேருந்துக்காகக் காத்திருந்தார். அவரிடம் குடை இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்து மணிப் பேருந்து ஐந்து மணிக்கு வந்தது. உள்ளே கூட்டமாக இருந்தது. குடைக்காரர் முதலில் ஏறி, ஓர் இருக்கையில் உட்கார்ந்து, சற்று நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். அந்த மனிதர் உட்கார்ந்தார். பேருந்து புறப்பட்டது.'

இதுதான் அண்ணாச்சி. உங்களுக்கு ஒரு முறை போதும். நான்காவது கேள்விக்கு 'ஏமாற்றம்' என்று போட்டு அடித்தீர்களே, அடித்தது சரி.

வணக்கம்.